மூன்றே நாளில் மூட்டு வலி போய்விட்டதா? முதலில் சுகர் பாருங்கள்

திண்டுக்கல்லில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவள். மூட்டு வலி, இடுப்பு வலி, கழுத்து வலி என்று வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களைத் தினமும் கவுண்டரில் பார்க்கிறேன். இப்போதெல்லாம் அவர்களில் பலர் பையில் ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். ஃபேஸ்புக்கிலோ யூடியூபிலோ விளம்பரம் பார்த்து, போன் நம்பர் கொடுத்து, கூரியரில் வரவழைத்தது. “இத சாப்பிடலாமா, கொஞ்சம் பாரும்மா” என்று நீட்டுவார்கள். அப்படி ஒரு டப்பா எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதிலிருந்துதான் இந்த விஷயத்தை நான் விடாமல் கவனிக்க ஆரம்பித்தேன்.

போலி மருந்து என்றால் கேட்காத மருந்து என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். வலி விஷயத்தில் அது பாதிதான் சரி. கேட்காத மருந்தால் பெரும்பாலும் பணம்தான் போகும். உடனே கேட்கிற மருந்துதான் உயிருக்கு உலை வைக்கும்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சுகரும் உண்டு. மாடிப்படி ஏற முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். நல்ல மருத்துவரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எடையைக் குறைங்க, தொடைக்கு உடற்பயிற்சி செய்ங்க, வலி அதிகமானால் மட்டும் மாத்திரை என்பதுதான். ராத்திரி முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்கு இந்த வார்த்தைகள் போதவில்லை. போனில் ஒருவர், “அம்மா, நீங்க இனிமே கஷ்டப்பட வேண்டாம், தேஞ்ச ஜவ்வு திரும்ப வளரும்” என்று பத்து நிமிஷம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். அம்மா மூன்று மாதக் கோர்ஸுக்குச் சரி என்று சொல்லிவிட்டார். அண்ணன் அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடித்து, டெலிவரி வந்தபோது கையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திடீரென்று நன்றாக நடக்கிறார் என்பதுதான். காலையில் எழுந்து வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டார். நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசி என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுந்து பாத்திரம் தேய்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “முகமெல்லாம் நெறஞ்சு நல்லா தேறிட்டியேடி” என்று சந்தோஷப்பட்டார். நானும் அந்த முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, வட்டமாக, லேசாகச் சிவந்து இருந்தது. வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கடையில் வருடக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் பார்த்த அதே முகம். அன்றைக்கே விரலில் குத்தி சுகர் பார்த்தேன். எப்போதும் 140-ஐ ஒட்டி நிற்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 280-ஐத் தாண்டியிருந்தது.

“என்னம்மா புதுசா சாப்பிடுற?” என்று கேட்டதும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து வந்தார். “மூலிகைதான் பாப்பா. பக்க விளைவு இல்லன்னு சொன்னாங்க” என்றார்.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பச்சை நிற கேப்ஸ்யூல். லேபிளில் ஒரு முனிவர் படம், ஓடுகிற முட்டி எலும்பு படம், ‘100% இயற்கை’. உள்ளே என்னென்ன மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்ற பட்டியல் இல்லை. பேட்ச் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. உற்பத்தி உரிம எண் இல்லை. ஆனால் பெரிய எழுத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்று போட்டு ஒரு எண் இருந்தது.

இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம். அது கொடுக்கும் 14 இலக்க எண் உணவுப் பொருளுக்கான உரிமம். முறுக்குப் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கும். அந்த எண்ணோடு விற்கும் ஒரு பொருள் ‘மூட்டுவாதத்தைக் குணமாக்கும்’ என்று சொல்லவே கூடாது. உணவு விளம்பரத்துக்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறை அப்படி. நிஜமான சித்த மருந்தின் லேபிளில் ‘சித்த மருந்து’ என்றே போட்டிருக்கும். சேர்மானங்களின் பட்டியல் அளவோடு இருக்கும். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரித்தவரின் முழு முகவரி எல்லாம் இருக்கும். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் அதை வாயில் போட வேண்டாம் என்றுதான் கடையில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அம்மாவை மறுநாள் காலை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். நான் பயந்தது அம்மா அந்தக் கேப்ஸ்யூலை டக்கென்று நிறுத்திவிடுவாரோ என்றுதான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. ரத்த அழுத்தம் விழாமல் இருக்கவும், காய்ச்சல், அடிபடுதல் போன்ற நெருக்கடியை உடம்பு தாங்கவும் அது வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வாரக்கணக்கில் போனால் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அந்த நேரத்தில் மருந்தைத் திடீரென நிறுத்தினால் உள்ளேயும் சுரக்காது, வெளியிலிருந்தும் வராது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று போய், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் அளவு பார்த்தார்கள். மிகக் குறைவு. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். கேப்ஸ்யூலுக்குப் பதிலாக அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சுகருக்குக் கொஞ்ச காலம் இன்சுலின் போட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் முட்டி வலி முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. “அந்த மருந்த சாப்பிட்டப்ப நல்லா இருந்தேனே பாப்பா” என்று அம்மா அழுதார். இந்த மோசடியிலேயே கொடுமையான பகுதி இதுதான். நிறுத்தினால் வலி பாய்ந்து வருவதால், மருந்துதான் காப்பாற்றியது என்று நோயாளியே சாட்சி சொல்வார். அடுத்த டப்பாவை அவரே ஆர்டர் செய்வார்.

மூலிகைப் பொடிக்குள் இதை ஒளிப்பது மிகச் சுலபம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முக்கால் மில்லிகிராம் இருந்தால், பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் ஐந்து மில்லிகிராமுக்குச் சமம். உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசாலின் வேலைக்கு ஏறக்குறைய அவ்வளவு போதும். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் முக்கால் மில்லிகிராமை நாக்காலோ கண்ணாலோ கண்டுபிடிக்க முடியாது. விலையும் மிக மலிவு. எங்கள் தொழிலிலும் இது உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மூட்டு வலி என்று வந்து நின்றால், சீட்டு இல்லாமலே நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ‘செட்டு மாத்திரை’ என்று கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்று டெக்சாவாகத்தான் இருக்கும். ஆன்லைன்காரன் அதையே பச்சைக் கேப்ஸ்யூலில் அடைத்து முனிவர் படம் போட்டு விற்கிறான்.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் மூட்டு வலிக்கு ‘இயற்கைச் சத்து மாத்திரை’ விற்றார்கள். அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் அதைச் சோதித்து, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோனும் உள்ளே இருப்பதாகத் திரும்பத் திரும்ப எச்சரித்தது. ஸ்டீராய்டு இல்லாவிட்டாலும் வேறு ஆபத்து உண்டு. இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகள் 193-ஐ வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2008-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இந்தியாவில் தயாரானவை, அமெரிக்காவில் தயாரானவை இரண்டிலுமே இருந்தது.

இதற்கிடையில் மருந்து விற்றவர்களின் போன் நிற்கவில்லை. ஒரு நாள் அம்மாவின் போனை நான் எடுத்தேன். “டாக்டர் பேசுறேம்மா, ரெண்டாவது மாசக் கோர்ஸ் அனுப்பட்டுமா?” என்றார். உங்கள் பதிவு எண் என்ன என்று கேட்டேன். பரம்பரை வைத்தியம், எண்ணெல்லாம் கிடையாது என்றார். மருந்தில் என்ன சேர்க்கிறீர்கள் என்றதற்கு, 48 மூலிகை, குடும்ப ரகசியம் என்றார். அம்மாவுக்குச் சுகர் ஏறிவிட்டதே என்றேன். அதற்கு அவர் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை. “அது கழிவு வெளியேறுது மேடம். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சுகர் மாத்திரைய நிறுத்திடுங்க, இதுலயே அதுவும் சரியாகிடும்.”

வலி கூடினாலும், சுகர் ஏறினாலும், தோல் தடித்தாலும், எல்லாமே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. எந்த மருத்துவமுறையாக இருந்தாலும், உண்மையான மருத்துவர் ‘இது நடந்தால் உடனே நிறுத்திவிட்டு வாங்க’ என்று ஒன்றாவது சொல்வார். ஏற்கெனவே சாப்பிடும் சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரைகளைப் போனிலேயே நிறுத்தச் சொல்ல மாட்டார்.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகம் ஏமாற்றுவது எக்ஸ்ரே படம். இடது பக்கம் எலும்போடு எலும்பு உரசும் முட்டி, வலது பக்கம் நல்ல இடைவெளியோடு முட்டி. ‘90 நாளில் ஜவ்வு வளர்ந்தது’ என்று எழுதியிருப்பார்கள். ஒரே ஆளை நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே, படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். நிற்கும்போது உடம்பின் பாரம் இறங்கி இடைவெளி குறைந்து தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் தேய்மானத்தை மதிப்பிட நின்றபடி எடுக்கச் சொல்கிறார்கள். முற்றிய மூட்டுத் தேய்மானத்தில் போன ஜவ்வை மாத்திரை கொடுத்து வளர்த்துக் காட்டிய மருந்து இன்றைக்கு எந்த முறையிலும் இல்லை. ஜவ்வு வளரும் என்ற வார்த்தையைக் கேட்டதுமே நகர்ந்துவிடலாம்.

பிரபல மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அவர்களே சிபாரிசு செய்வது போலவும் வீடியோ விடுகிறார்கள். வாய் அசைவையும் குரலையும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அந்த மருத்துவமனைக்கே ஒரு போன் போட்டுக் கேட்பது மேல். விமர்சனங்களைத் தேதியோடு படியுங்கள். ‘நேத்துதான் பார்சல் வந்துச்சு, சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் போட்டவருக்கு மூட்டு எப்படிக் குணமாகியிருக்கும்?

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் பாதத்தில் ஒட்டும் பட்டை கொண்டுவந்தார். ராத்திரி ஒட்டிப் படுத்தால் காலையில் கறுப்பாகிவிடும், உடம்பில் உள்ள நச்சு இறங்கி இடுப்பு வலி போகும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அவர் கண்ணெதிரே, ஒட்டாத புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து, டம்ளரில் இருந்த வெந்நீரைக் கொஞ்சம் தெளித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, கறுத்து, பிசுபிசுவென்று ஆனது. உள்ளே இருக்கும் மரக்காடிப் பொடி (மரப்புகையிலிருந்து எடுக்கும் காடி) ஈரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். பாதத்து வியர்வையிலும் அதுதான் நடக்கிறது. அமெரிக்க வணிக ஆணையம் இதே மாதிரி பட்டை விற்ற நிறுவனத்தின் மேல் 2009-லேயே வழக்குப் போட்டது. “ஆனா எனக்கு ரெண்டு நாள் நல்லா இருந்துச்சே தங்கச்சி” என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை.

நாள்பட்ட வலி ஒரே அளவில் இருப்பதில்லை. ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் போனை எடுத்து ஆர்டர் போடுவார். பார்சல் வந்து சேர்வதற்குள் வலி தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் எதை ஒட்டினாலும், எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். அதனால் எதையாவது முயல்கிறவர்களிடம், தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று காலண்டரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். எழுதி வைத்ததைத் திரும்பப் பார்த்தால், மருந்துக்கு முன்பும் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். என் வார்த்தையைவிட அவர்கள் கையெழுத்தைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கிறார்கள். 1954-ஆம் ஆண்டிலேயே மருந்து, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்யவே கூடாத 54 நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது. மூட்டுவாதம் அதில் ஒன்று. சர்க்கரை நோயும் ஒன்று. அதனால் மூட்டுவாதத்தை வேரோடு குணமாக்குகிறேன் என்ற விளம்பரமே, உள்ளே என்ன மருந்து இருந்தாலும், குற்றம்தான். இதைச் சொன்னதும் கவுண்டரில் நிற்பவர்கள் முகத்தில் ஆச்சரியம் தெரியும். விளம்பரம் வருகிறது என்றால் அரசாங்கம் அனுமதித்திருக்கும் என்றே நம்பியிருக்கிறார்கள்.

சித்த வைத்தியத்தையே குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா இப்போது பார்ப்பது எங்கள் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலும்தான். அங்கே இருப்பவர் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவர். நாடி பார்த்தார், சுகர் ரிப்போர்ட்டும் பார்த்தார். மேலுக்குத் தடவத் தைலம் கொடுத்தார். அரசு நிறுவனமான டாம்ப்காலின் தயாரிப்பு, காசு இல்லை. “முழுசா போகாதும்மா, ஆனா நடமாட வெச்சுடலாம்” என்றார். போகாது என்று சொன்னதாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பலன் தந்தது எது என்று கேட்டால், பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த தொடைப் பயிற்சிதான். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பிடிப்பது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்துவது. தொடைத் தசை பலமானால் மூட்டின் சுமை குறைகிறது. எடையும் முக்கியம்: ஒரு கிலோ இறங்கினால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். வலி கூடும் நாளில் டைக்ளோஃபெனாக் ஜெல். இதில் எதுவும் மூன்று நாளில் பலன் தரவில்லை; மாதக்கணக்கில்தான் தெரிந்தது. வெளியே போக முடியாதவர்களுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் யாராவது இப்படி வாங்கியிருப்பது தெரிந்தால், தயவுசெய்து திட்டாதீர்கள். ‘படிச்சுப் படிச்சுச் சொன்னேனே’ என்று ஆரம்பித்தால் அடுத்த டப்பா இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். அம்மா ஒளித்து வைத்ததே எங்களுக்குப் பயந்துதான். வலியோடு இருப்பவர் பேசுவதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில்தான் அந்தப் போன்காரர் பத்து நிமிஷம் பேசினார். நான் இப்போது தினமும் கடை சாத்தி வந்ததும் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கும்போது அன்றைக்கு எங்கே வலித்தது, எந்த வீடியோ வந்தது என்று எல்லாம் சொல்லிவிடுவார்.

ஏற்கெனவே வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முகம் உப்புதல், காரணமில்லாத பசி, தூக்கமின்மை, சுகர் அல்லது பிரஷர் ஏறுவது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே போங்கள். வாந்தியும் மயக்கமும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. ஸ்டீராய்டு சந்தேகம் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரத்தில் அவர்கள் கேட்காமல் விட்டுவிடலாம்.

டப்பா, மீதி கேப்ஸ்யூல், கூரியர் அட்டை, பில், போன் நம்பர், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மருந்தால் பாதிப்பு என்றால் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். மருந்துகளின் பக்க விளைவைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் எண் அது. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் தொடர்பான நுகர்வோர் புகாருக்கு 1915. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை முடக்க வாய்ப்பு இருக்கிறது. புகார் கொடுத்த பிறகு, ‘உங்க பணத்தத் திருப்பித் தர்றோம், முதல்ல ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்க’ என்று யாராவது அழைத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒருமுறை வாங்கியவரின் நம்பர் கை மாறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அப்படி வந்த அழைப்பையும் 1930-இல் சேர்த்தே சொன்னோம்.